பார்படாஸில் எந்தக் கரையில் தங்கலாம்?

கேள்வி: டொரொண்டோவில் வசிக்கிறோம். ஜூலையில் ஒரு வாரம் பார்படாஸ் போகிறோம். 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகள், கூடவே சைவம் மட்டும் சாப்பிடும் மாமியார். மூன்று இடங்கள் பார்த்து வைத்திருக்கிறேன். கிழக்கே பாத்ஷீபாவில் ஒரு தனி வீடு, அதுதான் மலிவு. தெற்கே செயின்ட் லாரன்ஸ் கேப்பில் ஒரு ஹோட்டல். மேற்கே ஹோல்டவுனில் சமையலறையோடு ஒரு ஃபிளாட். மூன்றுக்குமே 'பீச்ஃப்ரன்ட்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: ஹோல்டவுனை எடுங்கள், சகோதரி.

பார்படாஸ் சின்னத் தீவுதான். ஆனால் கிழக்கே இருப்பது அட்லாண்டிக், மேற்கே இருப்பது கரீபியன் கடல். பாத்ஷீபாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் வெறும் தண்ணீர்தான். அவ்வளவு தூரம் ஓடி வரும் அலை அங்கே வந்துதான் உடைகிறது. அலைச்சறுக்குக்காரர்கள் அந்த இடத்தைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே காலடி மணலை உருவிக்கொண்டு போகும் இழுப்பு அது. அந்த வாடகை மலிவுக்கு அதுவும் ஒரு காரணம். வாசலில் கடலை வைத்துக்கொண்டு 'இறங்காதே, இறங்காதே' என்று ஒரு வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா?

ஜூலை என்பதால் இன்னொன்றும் உண்டு. 2011 முதல் சர்காஸம் என்ற பழுப்புக் கடற்பாசி பல ஆண்டுகளில் இந்தப் பருவத்தில் கரீபியன் கரைகளில் வந்து குவிகிறது. பார்படாஸில் கிழக்கும் தெற்கும்தான் அதிகம் மாட்டுகின்றன. நான் ஒருமுறை தென்கிழக்குக் கரையில் தங்கியபோது, காலையில் ஜன்னலைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. முட்டளவு உயரத்துக்குப் பாசி மெத்தை. விடுதிக்காரர்கள் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேற்குக் கரைக்கு அது அவ்வளவாக வருவதில்லை.

செயின்ட் லாரன்ஸ் கேப் கலகலப்பான இடம், இரவு வெகுநேரம் பாட்டு கேட்கும். மாமியாரின் தூக்கத்தை நினைத்துத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஹோல்டவுனில் ஜூலைத் தண்ணீர் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். சூரியன் கடலுக்குள் இறங்குவதைத் திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கலாம். சூப்பர் மார்க்கெட் பக்கத்தில், கையில் சமையலறை. அப்புறம் சாப்பாட்டுக் கவலை ஏது? உருளைக்கிழங்குக் கறி வைத்து மடித்த ரொட்டியும் கிடைக்கும், மாமியாருக்குப் பிடிக்கும்.

வாடகை இடித்தால், கடலோரச் சாலைக்கு மறுபக்கம் உள்ள ஃபிளாட்களைப் பாருங்கள். அங்கே கடற்கரை எல்லாருக்கும் பொது, ஹோட்டல் முன்னால் உள்ள மணலும்தான். ஒன்று மட்டும் கவனம். அங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடும். டொரொண்டோப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது தவறான பக்கம்தான் முதலில் பார்ப்பார்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் கரையை இன்றைக்கு எடுத்த படம் ஒன்று கேளுங்கள். தண்ணீரில் இறங்கும் இடம் மணலா பாறையா என்றும் கேளுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2024 ஜூலை தொடக்கத்தில் பெரில் புயல் பார்படாஸின் மீன்பிடிப் படகுகளை நொறுக்கிப் போட்டது. அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பும் புக்கிங்காக எடுங்கள்.

பாத்ஷீபாவை விட்டுவிட வேண்டாம். ஒரு நாள் பகலில் போய், நீர் வற்றும் நேரத்தில் பாறைக் குட்டைகளில் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு வாருங்கள்.

முக்கியமாக, மேற்குக் கரையில் மான்சினீல் என்றொரு மரம் உண்டு. பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற அதன் பழம் விஷம். மழையில் இலையிலிருந்து சொட்டும் நீர் பட்டாலே தோல் கொப்பளிக்கும். நிழலைத் தேடி மாமியார் அதன் கீழே பாய் விரிப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.