குறியாக்க நூலகத்துக்குள் கைரேகை: கேள்வி பதில்

சில குறியாக்க நூலகங்கள் தொடங்கும்போதே தம் நிரலின் ஹேஷைக் (பைட்டுகளிலிருந்து கணிக்கும் சுருக்க எண்) கணித்து, முன்பே கணித்து வைத்த ஹேஷோடு ஒப்பிடும்; பொருந்தாவிட்டால் ஓட மறுக்கும். முன்பே கணித்து வைத்த அந்த ஹேஷ்தான் கைரேகை. இந்தச் சுயசோதனை பற்றித் திருகோணமலைப் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள், வந்த வரிசையில்.

உவர்மலை மாணவி: நிரலின் ஹேஷை நிரலுக்குள்ளேயே எழுதினால் ஹேஷ் மாறிவிடுமே அண்ணா?

அந்த இடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை தங்கச்சி. ஓப்பன்எஸ்எஸ்எல் ஒரு குறியாக்க நூலகம்; ஃபிப்ஸ் என்ற அமெரிக்க அரசுத் தரநிலைக்காக அதில் உள்ள பகுதிதான் ஃபிப்ஸ் மொட்யூல். அதன் பழைய பதிப்பில் கட்டளைகளுக்கும் மாறாத் தரவுக்கும் தொடக்கக் குறி, முடிவுக் குறி உண்டு. முதலில் கைரேகைக்கு வெற்றிடம் விட்டு லிங்க் செய்வார்கள் (துண்டுகளை ஒரே நிரலாக இணைப்பது). நிரலை ஓடவிட்டு, நினைவகத்தில் ஏறிய பகுதிக்கு எச்மாக்-ஷா1 (ஒரு சாவியும் சேர்த்துக் கணிக்கும் ஹேஷ்) கணித்து, அந்த விடையோடு மறுபடி லிங்க் செய்வார்கள். வேறு சிபியுவுக்கான நிரலை இங்கே ஓடவிட முடியாது. அதற்கு, எல்ஃப் கோப்பை (லினக்ஸ் நிரல் கோப்பு வடிவம்) படித்துக் கைரேகையை நேரே எழுதும் ஸ்கிரிப்ட் இருந்தது.

சிக்கல் முகவரியில்தான். நிரல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஏறும். நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர், கட்டளைப் பகுதிக்குள் முகவரியை நிரப்பினால் கைரேகை பொருந்தாது. கூகுளின் குறியாக்க நூலகமான போரிங்எஸ்எஸ்எல் இதற்கென்றே, கம்பைலர் தந்த அசெம்பிளியை (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) திருத்த ஒரு தனிக் கருவி வைத்திருக்கிறது.

கிண்ணியா: பிழை தேடும் டிபக்கரில் பிரேக்பாயிண்ட் (நிரலை நிறுத்திப் பார்க்கும் குறி) வைத்தால், அந்த இடத்துக்கு வருமுன்பே நிரல் உடனே நின்றுவிடுகிறது.

டிபக்கர் அந்த இடத்துப் பைட்டை மாற்றுகிறது; கைரேகை பொருந்தாது. சுயசோதனை முடிந்தபின் வையுங்கள்.

நிலாவெளி: ஓப்பன்எஸ்எஸ்எல் 3இல் ஸ்ட்ரிப் (கோப்பிலிருந்து தேவையற்ற பிழைதேடல் தகவலை நீக்குவது) செய்தபின் சோதனை தோற்கிறது.

3இல் மொட்யூல் கோப்பு முழுவதற்கும் எச்மாக்-ஷா256 எடுத்து, தனி அமைப்புக் கோப்பில் வைக்கிறார்கள். ஸ்ட்ரிப் கோப்பை மாற்றுவதால் பழைய கைரேகை பொருந்தாது. ஸ்ட்ரிப் முதலில், கைரேகை கடைசியில்.

மூதூர்: பேக்கேஜ் செய்தபின் அதே பிழை.

பேக்கேஜ் கருவியும் ஸ்ட்ரிப் செய்யும். கைரேகை கடைசியில்!

தம்பலகாமம்: பழைய மொட்யூலின் எச்மாக் சாவி மூலநிரலிலேயே 16 எழுத்தாகத் திறந்து கிடக்கிறது. மாற்றுகிறவன் மறுபடி கணித்துக்கொள்வான். வெறும் கண்துடைப்பு!

ஐயா, திருடனைப் பிடிக்க வந்த சோதனை அல்ல இது. பழுதான வட்டு, பாதியில் நின்ற கொப்பி, தவறான பில்ட் எல்லாம் இதில் பிடிபடும். ஒரு பிட் புரண்ட குறியாக்க நிரல் சத்தமில்லாமல் பலவீனமான விடை தரலாம். அது ஓட மறுப்பதே நல்லது.

உவர்மலை மாணவி மறுபடி: அப்படியானால் டிஜிட்டல் கையொப்பம் போடலாமே?

சரிபார்க்கும் வரியும் அதே கோப்பில்தானே? எழுத அனுமதி உள்ளவன் அந்த வரியையே நீக்கிவிடுவான். அவனைத் தடுக்க சரிபார்ப்பு வெளியே இருக்க வேண்டும்: செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே கையொப்பம் சரிபார்ப்பது), கையொப்பமிட்ட பேக்கேஜ்.

தம்பலகாமம்: அப்போ ஃபிப்ஸ் சான்றிதழ் எதற்கு?

அது மொட்யூல் தரநிலைக்கு இணங்குகிறது என்பதற்கு. ஊடுருவவே முடியாது என்ற வாக்குறுதி அதில் இல்லை ஐயா.

கன்னியா: வங்கிச் செயலியின் கடவுச்சொல் மறந்துவிட்டது.

வங்கியைக் கேளுங்கள்.

சீனன்குடா: ஸ்ட்ரிப் செய்தபின்...

நிலாவெளிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள் தம்பி.