ஆறு வயதுப் பிள்ளைக்கு லிபரல் ஆர்ட்ஸ் கல்வியால் என்ன பயன்?

கேள்வி: பெங்களூரில் மகனுக்கு ஒன்றாம் வகுப்புக்குப் பள்ளி பார்க்கிறோம். சில பள்ளிகள் 'லிபரல் ஆர்ட்ஸ் முறை' என்று சொல்லி ஃபீஸ் அதிகமாகக் கேட்கின்றன. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அது தேவையா? அந்தக் காசில் கோடிங், அபாகஸ் என்று சேர்த்துவிடலாமே என்கிறார் என் மாமனார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

அந்தக் கல்வி தேவைதான். அந்த ஃபீஸ் தேவையில்லை.

ஆர்ட்ஸ் என்றதும் நம் ஆட்களுக்குப் பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காதவர்கள் சேரும் குரூப்தான் ஞாபகம் வரும். உங்கள் மாமனாருக்கும் அதுதான் தோன்றியிருக்கும். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வைத்திருந்த பட்டியலைப் பார்த்தால் அவர் பயம் கொஞ்சம் குறையலாம். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை என்று மூன்று. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்று நான்கு. ஆக மொத்தம் ஏழு கலைகள், அதில் பாதி கணக்கும் வானமும். (ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று நாமும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். எவை எவை என்று கேட்டால் பத்துக்கு மேல் யாருக்கும் வராது.) இன்றைக்கு அந்தப் பெயரில் சொல்வது மொழி, கதை, வரலாறு, கணக்கு, இயற்கை, இசை, ஓவியம் எல்லாவற்றையும், ஒரு தொழிலுக்கு என்று குறுக்கிவிடாமல் படிப்பதை. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் கலைக்கும் அறிவியலுக்கும் நடுவில் சுவர் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

நான் கல்வியாளர் கிடையாது. சி.வி. ராமன் நகரில் இருக்கிறேன், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, மூன்றாம் வகுப்பில் ஒரு மகள். ஞாயிறு காலையில் எங்கள் அபார்ட்மெண்ட் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் ஐந்து முதல் பத்து வயது வரையான பிள்ளைகள் என்ன கேட்பார்கள், எதில் கண் விரியும், எதில் கொட்டாவி விடுவார்கள் என்பது ஓரளவு தெரியும்.

கஸ்தூர்பா சாலையில், கப்பன் பூங்காவை ஒட்டி, சிவப்பு நிறத்தில் பழைய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஆதகூர்க் கல் என்று ஒன்று. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது, 10ஆம் நூற்றாண்டு, பழைய கன்னடம். கல்லின் மேல்பகுதியில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதுவதைச் செதுக்கியிருப்பார்கள். நாயின் பெயர் காளி. மணலேரன் என்ற வீரன் போரில் காட்டிய துணிச்சலைப் பார்த்து அரசன் மகிழ்ந்து, வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை, அந்த வேட்டை நாயைக் கேட்டானாம். பிறகு ஒரு வேட்டையில் காளியும் பன்றியும் ஒன்றை ஒன்று கொன்று சாய்ந்தன. நாய்க்காகக் கல் நட்டு, நிலமும் விட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பையனுக்குப் பன்றி எத்தனை கிலோ இருக்கும் என்பது மட்டும்தான் கவலை. இன்னொருத்திக்கு, நாய்க்கு யார் சோறு போட்டார்கள், அரசனா மணலேரனா என்று தெரிந்தாக வேண்டும். என் மகள் கேட்டது, எந்தப் போர் என்று.

அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அது தக்கோலப் போர், 949. நம் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலம்தான். ஒரு பக்கம் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் கங்க மன்னன் பூதுகனும். எதிர்ப்பக்கம் சோழர் படை. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் அந்தக் களத்தில்தான் இறந்தான். அவனைக் கொன்றது பூதுகன் என்கிறது நாய்க் கல். நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் வாங்கிவிட்ட சோழரின் ஆனைமங்கலச் செப்பேடோ, கிருஷ்ணனின் கூரிய அம்புகள் தைத்து, யானை மேல் இருந்தபடியே வீர சொர்க்கம் போனான் என்கிறது. கங்கனின் பேச்சே அங்கே இல்லை.

"அப்போ யாரும்மா பொய் சொல்றா?" என்றாள். எனக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எதை முதல்ல எழுதினாங்க?" என்றாள். கல் போர் முடிந்த சூட்டில் நட்டது, செப்பேடு அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வந்தது. சொன்னேன். உடனே, "ஆனா கல்லு ஜெயிச்சவங்க எழுதினதுதானே?"

இந்தக் கல்வியால் என்ன பயன் என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். ஒரு செய்தி கைக்கு வந்தால் யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்கும் பழக்கம். ஆறு வயதில் தொடங்கினால் அது விளையாட்டாகவே வந்துவிடுகிறது. நாற்பது வயதில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நுழைந்து இதைக் கற்றுக்கொடுக்க முயன்று பார்த்திருக்கிறேன், வேண்டாம், விடுங்கள்.

நம் பக்கமும் நாய்க்குக் கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல். நாயின் பெயர் கோவிவன். திருடனைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதியிருக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகளுக்குச் சோழனா கங்கனா என்பது மறந்து, எந்த நாய் பெரிய நாய் என்று சண்டை வந்துவிட்டது.

ஏழு கலைகளில் முதலாவதாக வைத்த இலக்கணத்தையும் சொல்ல வேண்டும். அது கசப்பு மருந்து என்று நமக்குப் பழகிவிட்டது. பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அது தெருவிலேயே கிடக்கிறது. பால் கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பாம்பு, ஹாவு. நாலு சொல் சொல்லி நிறுத்திவிட்டால் ஐந்தாவதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஒரு வாண்டு "அப்போ பாட்டின்னா ஹாட்டியா?" என்று கேட்டு வகுப்பே சிரித்தது. இல்லை, அஜ்ஜி. விதி என்று ஒன்று இருக்கிறது, அது எல்லாச் சொல்லுக்கும் பொருந்தாது, பொருந்தாத சொல்லுக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று மூன்று பாடம் அந்த ஒரு சிரிப்பில் முடிந்துவிட்டது. பழைய கன்னடத்திலும் அந்த இடத்தில் 'ப'தான் இருந்தது, பின்னால் 'ஹ' ஆனது என்று பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னேன். அல்சூர் என்று நாம் சொல்கிற ஹலசூரில் பலாத்தோப்பு இருந்ததாகச் சொல்வார்கள். பலா, ஹலசு. அடுத்த வாரமே ஒருவன் பஸ் போர்டுகளைப் படித்து ஒரு பட்டியலோடு வந்தான். பாதி தப்பு. இருக்கட்டும்.

இனி உங்கள் பள்ளிக்கு வருகிறேன். இந்தப் பெயரை விற்கும் சில இடங்கள் "எங்களிடம் மனப்பாடம் கிடையாது, பாடத்திணிப்பு கிடையாது, பிள்ளை தானே கண்டுபிடிப்பான்" என்று பெருமையாகச் சொல்கின்றன. சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் அப்படி ஒரு பள்ளியை நானும் என் கணவரும் போய்ப் பார்த்தோம். பீன் பேக், மர ஏணி, சுவர் நிறைய வண்ணம். நூலகம் எங்கே என்று கேட்டதற்கு ஒரு அலமாரியைக் காட்டினார்கள். ஃபீஸைச் சொன்னபோது என் கணவர் தண்ணீர் கேட்டார்.

எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. பிள்ளை தலைக்குள் விஷயம் இருந்தால்தான் யோசிக்க முடியும். 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளை, நன்றாக வாசிப்பவர்கள், திணறி வாசிப்பவர்கள் என்றும், பேஸ்பால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்றும் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் திணறினாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டு திருப்பிச் சொன்னார்கள். நமக்கு இது புதிதும் இல்லை. எல்.பி.டபிள்யூ. தெரியாதவர் கையில் கிரிக்கெட் பக்கத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு விழிப்பார்.

அதனால் ஆத்திசூடி, குறள், வாய்ப்பாடு, ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், கதை எல்லாம் உள்ளே போகட்டும். மனப்பாடமாகவே போகட்டும். என் மாமியார் ராத்திரிச் சோற்றோடு மகளுக்கு ஊட்டிவிட்ட பாட்டுகள் பலவற்றுக்கு அவளுக்கு அப்போது அர்த்தம் தெரியாது. இப்போது ஒவ்வொன்றாக, "பாட்டி, 'ஈவது விலக்கேல்'னா இதானா?" என்று வந்து நிற்கிறாள். மனப்பாடம் பண்ணிவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் விடுவதுதான் தப்பு. நம் பள்ளிகள் பலவும் செய்வது அது. எதையும் தராமலே "யோசி, யோசி" என்பது புதுப் பள்ளிகளின் தப்பு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் பழைய பள்ளியைத் தேர்ந்தெடுப்பேன், பேச்சை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இசை படித்தால் கணக்கு வரும், ஓவியம் வரைந்தால் மார்க் கூடும் என்று சொல்லி இதை விற்பார்கள். 1993இல் நேச்சர் இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. மொசார்ட் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்கள், ஒரு வகைப் புதிரில், பத்துப் பதினைந்து நிமிட நேரத்துக்கு மட்டும், கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். கல்லூரி மாணவர்கள், பதினைந்து நிமிடம். அவ்வளவுதான். அது ஊர் சுற்றி, குழந்தைக்கு மொசார்ட் போட்டால் மூளை வளரும் என்றாகி, 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு செலவில் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்கும் அளவுக்குப் போனது. கணக்கு வர வேண்டும் என்பதற்காக வயலின் என்றால் கணக்கு டியூஷனே மலிவு. பாட்டு பாட்டுக்காக. பிள்ளைக்கு மோகனம் கேட்டால் சந்தோஷமாக இருக்கிறது என்பது எனக்குப் போதுமான காரணம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பள்ளிக்குப் போனால் பிராஸ்பெக்டஸைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த மாதம் என்ன கதை கேட்டார்கள் என்று டீச்சரைக் கேளுங்கள். பிரின்சிபாலைக் கேட்டால் நன்றாகப் பேசிவிடுவார். டீச்சர் ஒரு கதையை ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பள்ளி தேறும், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும். பிள்ளைகள் சொந்தமாக எழுதிய நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம் இருந்தால் எழுதியது டீச்சர். உங்கள் மகன் இன்னும் எந்த மொழியிலும் தடங்கலின்றி வாசிக்கவில்லை என்றால் மற்றது எல்லாம் அப்புறம்; முதலில் அதை முடியுங்கள்.

மிச்சத்துக்கு ஊர் இருக்கிறது. பசவனகுடியில் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சர், 1945இலிருந்து இருக்கும் இடம், பிள்ளைகளுக்குத் தனி நூலகம் உண்டு. ஜே.பி. நகர் ரங்கசங்கராவில் பிள்ளைகளுக்கான நாடகங்கள் போடுவார்கள். லால்பாக் போனால் பூக்காட்சியோடு திரும்பிவிடாமல் அந்தப் பாறை மேல் ஏறி உட்காருங்கள். ஏறக்குறைய 300 கோடி வருஷத்துப் பாறை. டைனோசர் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே அது அங்கே இருந்தது என்று சொல்லிவிட்டு, பையன் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லத் தயாராக இருங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று மட்டும் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள், சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய்ப் பூட்டைப் பார்த்தால் பிள்ளையைவிட நீங்கள்தான் அழுவீர்கள்.

கோடிங்கை நான் வெறுக்கவில்லை, அதில்தான் என் சோறு. தர்க்கமும் அந்த ஏழில் ஒன்றுதானே. பத்து வயதுக்கு மேல் ஸ்கிராட்ச் (கட்டங்களை இழுத்து அடுக்கிப் புரோகிராம் செய்யும், பிள்ளைகளுக்கான மொழி) போல ஒன்றை விளையாட்டாகக் கற்கட்டும். ஆறு வயதில் அதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. இன்று சொல்லித்தருகிற மொழி அவன் வேலைக்குப் போகும்போது எந்த நிலையில் இருக்குமோ. அபாகஸ் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

உங்கள் மாமனார் அடுத்ததாக, இதெல்லாம் ஐ.ஐ.டி. சேர உதவுமா என்று கேட்பார். என் மாமனாரும் கேட்டார். உதவும் என்றும் சொல்லாதீர்கள், உதவாது என்றும் சொல்லாதீர்கள். "மாமா, பேரன் எட்டாம் வகுப்புக்கு வரட்டும், அப்போது பேசலாம், அதுவரைக்கும் ராத்திரியில் அவனுக்கு ஒரு கதை சொல்லுங்கள்" என்று அவர் கையிலேயே வேலையைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் என் மாமனார் இப்போது தக்கோலம் வரை வந்திருக்கிறார், சோழர் பக்கம்தான் நியாயம் என்று பேத்தியோடு வாதாடிக்கொண்டு.