புகையில்தான் அந்த மலை முழுமை பெறும்

கேள்வி: அண்மையில் குடும்பத்தோடு தென்கொரியாவுக்குச் சென்றிருந்தபோது, புயோ நகர அருங்காட்சியகத்தில் கொரியாவின் பழைய அரசுகளில் ஒன்றான பேக்சே காலத்துப் பொன்முலாம் பூசிய வெண்கலத் தூபக்காலைக் கண்டோம். தூபம் போடும் கலம் ஒன்றுக்கு இத்தனை மலைகளும் விலங்குகளும் இசைக்கலைஞர்களும் எதற்கு? எல்லாம் அலங்காரந்தானா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: கண்ணாடிப் பெட்டிக்குள், புகையில்லாமல் பார்ப்பதால்தான் அது அலங்காரமாகத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் நாம் சாம்பிராணி போடும் தூபக்கால் திறந்த வாயுடையது. புகை நேரே மேலெழுந்துவிடும். 61.8 செண்டிமீட்டர் உயரமுள்ள இந்தக் கலத்துக்கோ மூடி உண்டு. அந்த மூடியே அடுக்கடுக்கான மலைத்தொடராக அமைந்திருக்கிறது. புகைத் துளைகளைச் சிற்பி சிகரங்களின் பின்புறத்தில் மறைத்து வைத்திருப்பதால், உள்ளே தூபம் கனலும்போது மலையிடுக்குகளிலிருந்து பனிமூட்டம் கிளம்புவதுபோல் புகை கசிந்து வரும். மலையில் பத்து, உச்சியில் சிறகு விரித்து நிற்கும் தெய்வப் பறவையின் மார்பில் இரண்டு, ஆகப் பன்னிரண்டு துளைகள். பறவை மூச்சுவிடுவதுபோல் தெரியட்டும் என்றே அந்த இரண்டையும் வைத்தார்கள் என்பது என் எண்ணம்.

பறவைக்குச் சற்றுக் கீழே ஐந்து இசைக்கலைஞர்கள் அமர்ந்து நெடுங்குழல், முரசு, நரம்புக்கருவி என ஆளுக்கொன்றாக வாசிக்கிறார்கள். நீங்கள் கலத்தின் அடிப்பகுதியைக் கவனித்தீர்களா? டிராகன் ஒன்று உடலை வட்டமாக வளைத்து, ஒரு காலை மட்டும் தூக்கியபடி, கழுத்தை நிமிர்த்தித் தாமரைத் தண்டை வாயில் கவ்வியிருக்கிறது. கலத்தின் மொத்த எடை 11.8 கிலோ; டிராகனுக்கு மேலுள்ள பகுதி முழுவதும் அந்த வாயின்மேல்தான் நிற்கிறது. நீரில் டிராகன், நீரிலிருந்து எழும் தாமரை, அதன்மேல் மலை, மலைக்கு மேல் வானத்துப் பறவை எனக் கீழிருந்து மேலாக ஓர் உலகமே அதில் அடங்கியிருக்கிறது.

தாமரை பௌத்தத்துக்கு உரியது. சாவில்லாத சித்தர்கள் வாழும் மலை சீனத்துத் தாவோ நெறிக்கு உரியது. மலை வடிவத் தூபக்கால்கள் சீனாவில் ஹான் அரசர் காலத்திலேயே இருந்தன. கலம் எந்தச் சமயத்துக்குச் சொந்தம் என்ற வாதம் நெடுநாளாக நடக்கிறது. உங்கள் ஊர்க் கெக் லோக் சி பௌத்தக் கோயிலைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு, பௌத்தமும் தாவோ நெறியும் ஒரே கூரையின்கீழ் இருப்பது வியப்பாக இராது.

கேள்வி: இவ்வளவு பழைய கலம் எங்கே, எப்படிக் கெடாமல் கிடைத்தது?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சேற்றில். புயோவை அடுத்த நுங்சன்-ரியில், பேக்சே அரச கல்லறைகளுக்குப் பக்கத்தில், வாகன நிறுத்துமிடம் கட்டுவதற்குமுன் அகழாய்வு செய்தார்கள். 1993 டிசம்பர் 12 அன்று, பழைய பௌத்தக் கோயிலொன்றின் பட்டறைப் பகுதியில், நீர் ஊறிய குழியிலிருந்து இது வெளிப்பட்டது. சேறு காற்றை அண்டவிடாமல் தடுத்ததால் வெண்கலம் அரிக்கப்படவில்லை. தேன்மெழுகு வார்ப்பில் உருவாக்கி, பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசிச் சூடேற்றிய முலாமும் பெரும்பாலும் பிழைத்தது.

1995இல் அதே கோயில் தளத்தில் 567ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துள்ள கற்பேழை கிடைத்தது. 554இல் அண்டை அரசான சில்லாவோடு நடந்த போரில் மாண்ட பேக்சே மன்னர் சொங்கின் நற்கதிக்காக அவர் மகன் காலத்தில் எழுந்த கோயில் இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இந்தக் கலத்தில் கனன்றது மறைந்த அரசருக்கான தூபமாகத்தான் இருக்க வேண்டும்.

660இல் சில்லாவும் சீனத்துத் தாங் படையும் சேர்ந்து பேக்சேயை வீழ்த்தின. அந்த நாள்களில்தான் யாரோ இதை அவசரமாகக் குழியில் இறக்கியிருக்க வேண்டும். மேலே கூரை ஓடுகள் குவிந்து கிடந்தன. மறைத்தவர் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்பார். 1333 ஆண்டுகள் வரை யாரும் வரவில்லை.