தாத்தாவின் பெயரை எழுதிக் கொடுத்தது யார்?

கேள்வி, சுருக்கமாக: என் இளைய மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை செய்யும் ஜப்பானியப் பையனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். என் தாத்தாவை 1943-இல் எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்கும், அதாவது இன்றைய தாய்லாந்துக்கும், பர்மாவுக்கும் இடையே ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவே இல்லை. அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. (தாத்தாவின் பெயரை எழுதிக் கொடுத்தது தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணிதான். பாவம், அவர் என்ன செய்வார், ஜப்பான்காரன் காலம். அவருடைய பேரன்தான் என் மூத்த மகளின் மாமனார், தங்கமான மனிதர்.) தாத்தாவைக் கொன்ற இனத்தில் பெண்ணைக் கொடுப்பதா? அந்தப் பையனோ, இப்படி ஒரு ரயில் பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறான். மகளின் மனத்தை எப்படி மாற்றுவது?
— பேராக் வாசகி

பதில்: மாற்றுகிற வழி எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. வருகிற மாப்பிள்ளையின் இனம் மட்டும் மாறும், "அவர்கள் நமக்குச் செய்ததை மறக்க முடியுமா" என்ற வரி மாறாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. அடைப்புக்குறிக்குள் மூன்று வரி எழுதியிருக்கிறீர்களே, அது. நான்கு பக்கக் கடிதத்தில் கிராணிக்கு மூன்று வரி, அதுவும் ஒதுக்குப்புறமாக!

தோட்டத்தில் ஆள் பிடித்த விதம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானிய ராணுவம் எண்ணிக்கை கேட்டது. ஆனால் எந்த லயத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? செக்ரோல் என்கிற ஆள் பதிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் விடிகாலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் புத்தகத்தில் ஒரு விரல் கீழே இறங்கி வந்து உங்கள் தாத்தாவின் பெயரில் நின்றிருக்கிறது. கைக்குழந்தைக்காரன் என்று தெரிந்தும் நின்றிருக்கிறது. அடுத்த பெயரில் நின்றிருக்கலாம். கிராணியின் சொந்தக்காரர்கள் யாராவது அந்தப் பட்டியலில் இருந்தார்களா? சம்பந்தியிடம் என்றைக்காவது கேட்டீர்களா?

கேட்கவில்லை. மூத்தவளின் கல்யாணப் பேச்சில் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டீர்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. கிராணியின் பேரன் அந்தப் பட்டியலை எழுதவில்லை, அவருக்குப் பெண் கொடுத்தது நியாயம். "அவர் என்ன செய்வார்" என்று கிராணிக்கே சலுகை கொடுத்தீர்கள், அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் பெயரை எழுதிய கையின் வாரிசு தங்கமான மனிதர், அப்போது பிறந்தே இருக்காத ஒரு பையன் மட்டும் கொலைகார இனமா? அவனுடைய கொள்ளுத்தாத்தா போருக்குப் போனாரா, எந்த ஊருக்குப் போனார், ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. நம் ஆள் என்றால் ஒருவனுக்கு ஒரு கதை இருக்கும், கஷ்டம் இருக்கும். வேற்றாள் என்றால் மொத்தமாக ஒரே முகம். இதற்குத் தாத்தாவைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

அந்த ஒரே முகமும் உண்மையில்லை. ரயில் பாதையின் போர்க்கைதி முகாம்களில் காவல் நின்று அடித்தவர்களில் பலர் கொரியர்கள், 1910 முதல் ஜப்பானின் பிடியில் கிடந்த நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அதற்காக நம் வீடுகளில் ராத்திரி ஓடுகிற கொரிய நாடகத்தை யாரும் அணைப்பதாகத் தெரியவில்லை.

அந்தப் பாதை போன தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியில் நாகாசே தகாஷி என்று ஒரு ஜப்பானிய ராணுவ மொழிபெயர்ப்பாளர் இருந்தார். கைதிகளைச் சித்திரவதை செய்து விசாரித்த அறையில் பக்கத்தில் நின்றவர். போர் முடிந்ததும் கைதிகளின் புதைகுழிகளைத் தேடிப் போன குழுவுக்கும் அவரே மொழிபெயர்த்தார். அப்புறம் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அந்த ஊருக்குப் போனார், ஆற்றங்கரையில் கோயில் கட்டினார். அவர் பக்கத்தில் நிற்க வதைபட்ட பிரிட்டிஷ்காரர் ஒருவர் 1993-இல் அங்கேயே அவரைச் சந்தித்தார். கொல்லத் துடித்துக்கொண்டிருந்தவர்தான், கடைசியில் நண்பரானார். எல்லாரும் அப்படி மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் வெறுத்தது ஒரு ஆளை. அந்த ஆள் எதிரில் வந்து நின்றபோது வெறுப்பை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் இருந்தது. இனத்தையே வெறுப்பவர் எங்கே போய் இறக்குவார்?

சரி, பையன் ஒன்றும் தெரியாது என்றானே, அங்கே நான் உங்கள் பக்கம். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவும் பட்டினியும் அடியும் சேர்ந்து கூட்டம் கூட்டமாகச் சாகடித்தது. இந்த வீட்டுக்கு மருமகனாக வருகிறவன் இதைத் தெரிந்துகொண்டுதான் வரவேண்டும். உட்கார்ந்து கேட்கிறானா, பழசை ஏன் கிளறுகிறீர்கள் என்று நெளிகிறானா, பாருங்கள். நெளிந்தால் மகளிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள், நானும் சொல்வேன்.

ஆனால் உங்கள் மகளுக்கு எவ்வளவு தெரியும்? அவளுக்குச் சொல்ல வேண்டிய கடமை ஜப்பானியப் பள்ளிக்கூடத்துக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. கடிதத்தில் "ஜப்பான்காரன்" என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எண்ணினேன். தாத்தாவின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகள் கிடக்கிறார்கள். வரிசை வரிசையாகப் பெயர், வயது, படைப்பிரிவு. திரும்பி வந்த வெள்ளைக்காரன் தன் ஆட்களை எண்ணித் தேடி எடுத்தான். நம் ஆட்களை அப்படி யாரும் தேடவில்லை. உங்கள் குடும்பமும் தேடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போயிருக்கலாம்.

இப்போதாவது போங்கள். மகளையும் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், சம்பந்தியையும் அழையுங்கள். அவர் வரத் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள், எண்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது. போய் வந்த பிறகு கல்யாணத்தைப் பற்றி எனக்கு எழுதுங்கள், தாத்தாவின் பெயரைச் சேர்த்து.