சாகக் கிடந்த பூனைக்குட்டியை வீட்டில் வைத்துத் தேற்றிய அனுபவம் உண்டா? என்ன செய்தீர்கள்?

உண்டு. மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பு மீட்டர் பெட்டிக்குக் கீழே கிடந்த குட்டி அது. பல்லைப் பார்த்தால் ஒரு மாதம் இருக்கும். அந்த வயதுக்கு 400 கிராமாவது இருக்க வேண்டும். சமையல் தராசில் வைத்தபோது 250 காட்டியது. இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டியிருந்தன, மூக்கு அடைத்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் எது முதலில், எது அப்புறம் என்கிற வரிசைதான் முக்கியம். எல்லோருக்கும் உடனே தோன்றுவது பால். என் மாமியார் டம்ளரோடு வந்துவிட்டார். "இருங்க அத்தை, முதல்ல உடம்பு சூடாகட்டும்" என்று தடுக்க வேண்டியிருந்தது. பூனைக்கு உடல் சூடு 100 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஜில்லிட்டுப் போன குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போனது செரிக்காமல் தங்கிவிடும். பசும்பாலோ எப்போதுமே வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே.

அடுத்தது மருத்துவர். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாங்கள் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் போனோம். நீர்ச்சத்து வற்றியிருந்ததால் தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். முதுகில் சின்னத் திமில் போலப் புடைத்து, மெல்ல வடிந்தது. ஹெர்பிஸ் வைரஸால் வரும் பூனைச் சளியாக இருக்கும் என்றார். ஆன்டிபயாடிக் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது, கூடவே தொற்றும் பாக்டீரியாவுக்காகத்தான் தருகிறார்கள்.

உண்மையான போராட்டம் சாப்பிட வைப்பதில் இருந்தது. மணம் தெரியாவிட்டால் பூனை பெரும்பாலும் வாய் வைக்காது. மூக்கடைத்த குட்டிக்கு முன்னால் எதை வைத்தாலும் ஒன்றுதான். அதனால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குட்டியை மடியில் வைத்தபடி ஆவியில் உட்காருவேன். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூக்கையும் கண்ணையும் துடைப்பேன். நெத்திலியை உப்பில்லாமல் வேகவைத்து மசித்து, சூடு ஆறுவதற்குள் நீட்டினால் நாக்கு வெளியே வந்தது. வீடு முழுக்க நாற்றம்தான், யாரும் முகம் சுளிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்! சாப்பிடாத வேளைகளில், மருத்துவர் சொன்ன குட்டிகளுக்கான பால்மாவைச் சிரிஞ்சில் கொடுத்தோம். குட்டியை மல்லாக்கப் போட்டுக் கொடுக்காதீர்கள். குப்புற இருக்கும் நிலையில், வாயின் ஓரமாக, சொட்டுச் சொட்டாகத்தான். புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வந்துவிடும்.

தினமும் காலையில் எடை பார்த்தேன். கண்ணுக்குத் தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் தராசு பொய் சொல்லாது. பத்துப் பன்னிரண்டு கிராம் ஏறினால் சரி, இறங்கினால் அன்றே மருத்துவரிடம்.

இரண்டு எச்சரிக்கைகள். காய்ச்சல் அடிக்கிறதே என்று குழந்தைக்கு வாங்கிய பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், பெரிய பூனையே செத்துப்போகும். அடுத்து, குட்டி வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடந்தால் அது பார்வோ வகை வைரஸால் வரும் பான்லுகோபீனியா என்கிற நோயாக இருக்கலாம். அதற்குக் கைவைத்தியமே கூடாது, நேராக மருத்துவமனைதான். எந்த நோயானாலும் வீட்டுப் பூனையைத் தனி அறையில் வையுங்கள், குட்டியைத் தொட்ட கையோடு அதைத் தொடாதீர்கள்.

எங்கள் குட்டி தேறி, தடுப்பூசி போட்டபின் அண்ணா நகரில் ஒரு வீட்டுக்குப் போனது. கொடுக்கும்போது ஒன்றை மறைக்காமல் சொன்னேன்: ஹெர்பிஸ் உடம்பை விட்டுப் போகாது, வீடு மாறினாலோ பயந்தாலோ மறுபடி தும்மும், கண்ணில் நீர் வடியும். "எங்க பையனுக்கும் அப்படித்தாங்க, ஸ்கூல் திறந்தா சளி புடிச்சுக்கும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார் அந்த அம்மா.