முற்பணத்தைக் கடனாகப் பெறுவது குறித்து

வணக்கம். கிளிநொச்சியில் வாங்கவுள்ள வீட்டுக்கு வங்கி கேட்கும் முற்பணத்தை நிதி நிறுவனமொன்றில் கடனாகப் பெற்று, பெரும்போக அறுவடையில் அடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அக்கடன் கிரிப் (இலங்கைக் கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் தெரியவரும் என்பதோடு, அதன் மாதத் தவணையையும் கணக்கில் எடுத்தே வங்கி உங்கள் திருப்பிச் செலுத்தும் தகுதியைப் பார்க்கும் என்பதால், கிடைக்கவிருக்கும் வீட்டுக் கடனே குறைந்துவிடலாம். வருடத்தில் ஒருமுறை வரும் நெற்காசை நம்பி மாதத் தவணை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளிநாட்டு உறவினர் வட்டியின்றித் தருவாராயின் அது வேறு விடயம்.

அதைவிட முக்கியமானது காணி. கிளிநொச்சி உள்ளடங்கிய வன்னியில் பல அரச காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை; அவற்றை உறுதிக் காணி (உறுதிப் பத்திரமுள்ள சொந்தக் காணி) போல விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. ஆகவே ஒரு ரூபாய்கூடக் கொடுக்குமுன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரியுங்கள்.