நெபுலாவைப் படமெடுக்க டெலஸ்கோப் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தில் வந்த ஓரியன் படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். என் மைத்துனர் ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கியிருக்கிறார். போன வாரம் அதில் ஓரியன் நெபுலாவைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் புகை மாதிரி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். உங்கள் படத்தில் இருந்த சிவப்பு எங்கே போயிற்று? "எல்லாம் கம்ப்யூட்டரில் பூசுகிற கலர்" என்கிறார் அவர். உண்மையா?

என்னிடம் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 50 எம்எம் லென்ஸும் இருக்கின்றன. நெபுலாவைப் படமெடுக்க லட்சக்கணக்கில் செலவாகும் என்று பயமுறுத்துகிறார்கள். டெலஸ்கோப் இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா? வீட்டில் வேறு கேட்கிறார்கள்: "நாசாவே படம் போடுகிறதே, நீங்கள் எதற்கு ராத்திரி கண்விழிக்க வேண்டும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்களிடம் இருக்கும் கேமராவும் லென்ஸும் போதும். கூட ஒரு உறுதியான ட்ரைபாடும் ரிமோட்டும் வேண்டும், அவ்வளவுதான்.

நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசு மேகம். அது எங்கோ தொலைவில் இருக்கிற பொடிப்பொருள், பெரிதாக்கினால்தான் தெரியும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தொலைவு உண்மைதான், ஓரியன் நெபுலா சுமார் 1,350 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஆனால் வானத்தில் அது பிடிக்கும் இடம் இரண்டு முழுநிலவின் அகலம். அதே ஓரியன் விண்மீன் கூட்டத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் பர்னார்ட் வளையம் என்ற நெபுலா இன்னும் பிரம்மாண்டமானது. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும். வளையம் அந்த முஷ்டிக்குள் அடங்காது. அது நம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் மங்கல்தான். மங்கலான பொருளுக்கு உருப்பெருக்கத்தால் பயனில்லை. ஒளியைச் சேர்க்க நேரம் வேண்டும், இருட்டு வேண்டும்.

வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் 1894இல் அந்த வளையத்தைப் படமெடுத்தபோது கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் வேலை பார்த்தார். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய லென்ஸ் தொலைநோக்கி, 36 அங்குலம், அந்த மலையில்தான் இருந்தது. ஆனால் இந்தப் படத்துக்கு அவர் பயன்படுத்தியது ஸ்லைடு காட்டும் விளக்கில் இருக்கும் சின்ன லென்ஸ். அகன்ற காட்சி அதில்தான் அடங்கும். உங்கள் 50 எம்எம் அந்த வம்சம்தான்.

சரி, நிறம். நெபுலாவின் நடுவில் இருக்கும் இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி, சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகிறது. எலக்ட்ரான் திரும்ப வந்து சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது 656.3 நானோமீட்டரில் ஒரு சிவப்பு ஒளி வெளிவருகிறது. எச்-ஆல்ஃபா என்று நாங்கள் நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பது இதைத்தான். இந்த ஒளி உங்கள் மைத்துனரின் டெலஸ்கோப் வழியாக உங்கள் கண்ணுக்குள்ளேயே வந்தது. ஆனால் இருட்டில் வேலை செய்வது விழித்திரையின் கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது. அதிலும் இந்த ஆழ்ந்த சிவப்புக்கு அவை கிட்டத்தட்டக் குருடு. கேமரா அப்படி இல்லை, வருவதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டரில் நாங்கள் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லமாட்டேன். மங்கலான பகுதியை மேலே இழுக்கிறோம், நகர வெளிச்சத்தின் மஞ்சளைக் கழிக்கிறோம், நிறத்தை அழுத்தமாக்குகிறோம். இதெல்லாம் ஏற்கெனவே பதிவானதை வெளியே கொண்டுவருவது. இல்லாத இழையைத் தூரிகையால் வரைவதும், ஏஐ கருவியிடம் கொடுத்து "அழகாக்கு" என்பதும் வேறு. அதை நான் வானப்படம் என்று ஏற்றுக்கொள்வதில்லை.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்த, கழுகு நெபுலாவின் புகழ்பெற்ற தூண்கள் படத்தின் கதை தனி. கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று நிறத்தை ஒதுக்கியிருப்பார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதற்காக, வெளிப்படையாகச் சொல்லியே செய்வது. மைத்துனர் சொல்வது அந்த மாதிரிப் படங்களுக்கு ஓரளவு பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், எச்-ஆல்ஃபாவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். என் படம் அந்த ஃபில்டரை மாற்றிய கேமராவில் எடுத்தது. உங்கள் படத்தில் ஓரியன் நெபுலா ரத்தச் சிவப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பாக வரும், பர்னார்ட் வளையம் தெரிவது கஷ்டம். அதற்காக இப்போதே கேமராவைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. தை, மாசி இரவுகளில் ஓரியன் நமக்குத் தலைக்கு மேலேயே வருகிறது. நிலா இல்லாத ஒரு இரவில் ஊர் வெளிச்சத்தைத் தாண்டிப் போங்கள். ரா ஃபார்மட், ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, எக்ஸ்போஷர் 5 விநாடி. அதற்கு மேல் போனால் பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் ஓரியனின் பிரகாசமான நட்சத்திரமான ரைஜலைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் இடம்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். புள்ளி ஆனதும் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் கை பட்டு ஃபோகஸ் நகர்ந்தால் அந்த இரவே வீண். அப்புறம் ரிமோட்டை வைத்து 300 படம். நட்சத்திரங்கள் ஃபிரேமைவிட்டு மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கும், ஐம்பது படத்துக்கு ஒருமுறை கேமராவைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பனி இறங்கி லென்ஸ் மூடிக்கொள்கிறதா என்றும் அப்போது பார்த்துவிடலாம். கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே 5 விநாடியில் இருபது, முப்பது படம். சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க இவை உதவும்.

300 படம் என்றால் 25 நிமிட ஒளி. ஒற்றைப் படத்தைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும்: ஓரியனின் வாள் என்று சொல்கிற இடத்தில் ஒரு சின்னப் பொட்டு, சுற்றிலும் மணல் தூவிய மாதிரி இரைச்சல். இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும், நட்சத்திரங்களை வைத்துப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினால் நெபுலா எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கும். சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருளில் போட்டு அப்படிப் பொருத்திச் சராசரி எடுப்பதைத்தான் ஸ்டாக் செய்வது என்கிறோம். 100 படத்தைச் சேர்த்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இரண்டுமே இலவசம். ஸ்டாக் ஆகி வரும் படமும் முதலில் கறுப்பாகத்தான் இருக்கும். படத்தின் வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸ் கருவியில் கோட்டை இடது பக்கம் பிடித்து மேலே இழுக்க இழுக்க, அந்தப் பொட்டிலிருந்து இரண்டு பக்கமும் சிறகு விரியும். எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு அந்த நிமிடம் பழகவில்லை.

பூமியின் சுழற்சிக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். திண்டுக்கல்லில் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரிதான், ஒரு தென்னந்தோப்பு போதும் மறைக்க. அதற்கு ஈடாக நமக்குத் தெற்கு வானம் கிடைத்திருக்கிறது. ஓரியன் நெபுலாவைவிடப் பெரிய, அதைவிடப் பிரகாசமான கரினா நெபுலா லண்டன்காரருக்கு எந்த நாளும் உதிக்காது. உங்களுக்குப் பங்குனி, சித்திரையில் தெற்கே 20 டிகிரி உயரத்தில் வந்து நிற்கும்.

வீட்டில் கேட்ட கேள்வி நியாயமானது. ஹப்பிள் தன் முக்கியக் கேமராவில் ஒரு தடவைக்குப் பார்க்கும் பரப்பு, நிலவின் அகலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அகன்ற வானம் அதன் வேலை இல்லை. அங்கே ஆர்வலர்களுக்கு இடம் இருக்கிறது, எப்போதும் இருந்திருக்கிறது. ஓரியன் நெபுலாவின் முதல் புகைப்படத்தை 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிட எக்ஸ்போஷரில் எடுத்தவர் ஹென்றி டிரேப்பர், மருத்துவம் படித்தவர். 1883இல் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரங்களை அதே நெபுலாவில் பதிவுசெய்த ஆண்ட்ரூ காமன், லண்டனுக்குப் பக்கத்தில் ஈலிங்கில் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்திருந்த சுகாதாரப் பொறியாளர். 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்ற ஆர்வலர், 3 அங்குல டெலஸ்கோப்பில், ஓரியனில் இருக்கும் எம்78 என்ற நெபுலாவின் பக்கம் எடுத்த படத்தில் அதுவரை யாரும் கவனிக்காத ஒரு நெபுலாவைக் கண்டார். ஓர் இளம் நட்சத்திரம் திடீரெனப் பிரகாசமாகி, சுற்றியிருந்த தூசியை ஒளிரவைத்திருந்தது. எம்78 உங்கள் 50 எம்எம் ஃபிரேமுக்குள் வரும் இடம். 2023இல்கூட, உலகமே படமெடுத்துத் தள்ளிய ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆக்ஸிஜன் வில் இருப்பதை ஆர்வலர்கள் அறிவித்தார்கள். அவர்கள் சேர்த்த ஒளி 100 மணி நேரத்துக்கும் மேல்.

உங்களுக்கும் ஒன்று மாட்டும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, பெரும்பாலோருக்கு மாட்டாது. ஆனால் 1,350 வருடத்துக்கு முன் கிளம்பிய ஒளி உங்கள் கேமராவில், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது வந்து விழுகிறது. எனக்குக் கண்விழிக்க அது போதும். கேள்வி கேட்டவரையும் ஒரு இரவு கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் இரவின் ரா ஃபைல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். மென்பொருள் கை பழகிய பிறகு அதே ஃபைல்களிலிருந்து இன்னும் நிறைய எடுக்கலாம். ஸ்டாக் செய்து முடித்ததும், கர்வ்ஸில் கைவைக்காத ஃபைலாகவே எனக்கு அனுப்புங்கள். எங்கே எவ்வளவு இழுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.